வெளிநாட்டில் செய்தி வருகிறது, பெயர் வருவதில்லை: காரணம் ஒரு பூச்சியம்

உம்ராவுக்குப் போகிறவர்கள் ஜித்தாவில் இறங்கிப் புதிய சிம் போட்டதும் ஊருக்குக் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "போன்ல ஒருத்தர பேரும் இல்ல, எல்லாம் நம்பராத்தான் வருது, என்ன செய்ற?" என்பது. அம்பிட்டியவில் அக்கம்பக்கத்தார் போனில் ஏதும் சிக்கல் என்றால் என்னிடம் கேட்பார்கள். கத்தாருக்கு வேலைக்குப் போன பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள். யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பயந்து, போனில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கியவர்களும் உண்டு. அதற்கு அவசியமே இல்லை. பெயர்கள் பெரும்பாலும் போனுக்குள்ளேயே பத்திரமாக இருக்கின்றன.

குறுஞ்செய்தியோடு பெயர் பயணம் செய்வதில்லை. வந்து சேர்வது இலக்கம் மட்டுமே. அந்த இலக்கத்தை நாம் பதிந்து வைத்திருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் போன் பெயரைக் காட்டுகிறது. பொருந்தாவிட்டால் வெறும் இலக்கம்தான்.

எங்கள் பக்கத்து வீட்டுத் தொலைபேசிகள் 081 என்று தொடங்கும். அதில் கண்டிக்குரிய குறியீடு 81 மட்டுமே. முன்னால் நிற்கும் பூச்சியம் 'இது உள்நாட்டு அழைப்பு' என்று வலையமைப்புக்குச் சொல்லும் அடையாளம். 077, 071, 075 எல்லாவற்றிலும் அதே கதைதான். நாட்டை விட்டு வெளியே போனதும் அந்தப் பூச்சியத்தின் பொருள் மாறிவிடுகிறது. சவூதி சிம் உள்ள போன், 077 என்று பதிந்த இலக்கத்தைச் சவூதி இலக்கமாக எண்ணி முன்னால் 966 சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் உம்மாவின் செய்தி +9477 என்று வருகிறது. இரண்டும் பொருந்தவில்லை, பெயர் மறைகிறது. சில போன்கள் கடைசி ஏழெட்டு எண்களை மட்டும் ஒப்பிட்டுப் பெயரைக் காட்டிவிடும். அதனால்தான் ஒரே பயணத்தில் கணவருடைய போனில் பெயர் இருக்க, மனைவியுடையதில் இல்லாமல் போகிறது.

அழைப்பு எடுக்கும்போது இது இன்னும் வேடிக்கையாகும். கொழும்பின் குறியீடு 011. ரியாதின் குறியீடும் 011. இரண்டிலும் அதற்குப் பின்னால் ஏழு எண்கள். கொழும்பிலுள்ள மகளின் வீட்டுக்கு என்று நினைத்து, சவூதி சிம்மிலிருந்து பழைய பதிவை அழுத்தினால் ரியாதில் யாரோ ஒருவரின் தூக்கம் கலையலாம்.

வேடிக்கை ஒருபுறம் இருக்க, பெயர் இல்லாத திரைதான் மோசடிக்காரனுக்கு வசதியான இடம். "உம்மா, இது என்ட புது நம்பர், அவசரமா காசு அனுப்புங்க" என்று ஒரு செய்தி வருகிறது. பெயர்கள் ஒழுங்காகத் தெரியும் போனில் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். எல்லாமே இலக்கங்களாக இருக்கும் போனில், மகனின் உண்மையான செய்தியும் அதுவும் ஒன்றுபோலவே இருக்கும். வட்ஸ்அப் குழுக்களில் பெயருக்கு முன்னால் ~ என்ற வளைகோடு இருந்தால், அது அவர் தனக்குத் தானே இட்டுக்கொண்ட பெயர். யாரும் எந்தப் பெயரையும் இட்டுக்கொள்ளலாம். அதை நம்பிப் பணமோ, வங்கியிலிருந்து வரும் ஓடிபியோ கொடுக்கக் கூடாது.

சரிசெய்வது எளிது. முதல் பூச்சியத்தை எடுத்துவிட்டு +94 சேர்த்துப் பதியுங்கள். 077 என்பது +9477 ஆகும், 081 என்பது +9481 ஆகும். இப்படிப் பதிந்தால் ஊரில் பேசும்போதும் வெளிநாட்டுக் கட்டணம் வெட்டுவார்களோ என்று பலர் கேட்கிறார்கள். இல்லை, உள்ளூர் அழைப்பாகவே போகும். நூற்றுக்கணக்கான பெயர்களை ஒரே இரவில் மாற்ற வேண்டியதில்லை. வீட்டார், பயண முகவர், குழுத் தலைவர், வங்கி என்று பத்துப் பதினைந்தை மாற்றினாலே போதும். இத்தாலியில் உறவினர் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: அந்நாட்டு வீட்டுத் தொலைபேசிகளில் +39க்குப் பின்னால் வரும் பூச்சியத்தை எடுக்கக் கூடாது.

மாற்றிய பிறகும் பெயர் வராவிட்டால் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். பழைய போன் பாவித்த பெரியவர்கள் பலர் பெயர்களைச் சிம்மிலேயே பதிந்திருப்பார்கள். சிம்மைக் கழற்றினால் பெயர்களும் அதோடு போய்விடும். பயணத்துக்கு முன்பே அவற்றைப் போனுக்கோ கூகுள் கணக்குக்கோ நகலெடுத்துவிடுங்கள். வட்ஸ்அப்பில் மட்டும் பெயர் இல்லை என்றால், போனின் செட்டிங்ஸில் வட்ஸ்அப்புக்குத் தொடர்புகளைப் பார்க்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

புதிய சிம் போட்டதும் வட்ஸ்அப் இலக்கத்தையும் மாற்றச் சொல்லிச் சிலர் ஆலோசனை கூறுகிறார்கள். இரண்டு வாரப் பயணத்துக்கு அது வீண் வேலை என்பது என் எண்ணம். இலங்கை இலக்கத்திலேயே வட்ஸ்அப் தொடர்ந்து இயங்கும், ஊரிலுள்ளவர்களுக்கும் குழப்பம் இராது. இரண்டு சிம் போடக்கூடிய போன் என்றால் இலங்கைச் சிம்மை உள்ளேயே விட்டுவிட்டு, டேட்டாவைச் சவூதி சிம்முக்குக் கொடுங்கள். ஒரு சிம் மட்டும் கொள்ளும் போன் என்றால் கழற்றிய சிம்மைக் கடவுச்சீட்டு உறைக்குள் ஒட்டி வையுங்கள். பக்கத்திலேயே ஒரு துண்டுக் கடதாசியில் +94 சேர்த்து நான்கைந்து இலக்கங்களும் எழுதி இருக்கட்டும். ஹரம் நெரிசலில் போன் தொலைந்தால் கையில் மிஞ்சுவது அந்தக் கடதாசிதான்.