“எந்த ஊரு நீங்க?”

“நாளைக்குப் பின்னேரம் சிங்கப்பூருக்கு வாறன். நீ நிக்கிறியா?”

ஜனவரி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு இந்தக் குறுஞ்செய்தி வந்தது. நான் ஏன் நிற்க வேண்டும் என்று ஒரு கணம் விழித்தேன். “ஊரில் இருக்கிறாயா?” என்பதை யாழ்ப்பாணத் தமிழில் அப்படித்தான் கேட்பார்கள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

செய்தியை அனுப்பியவள் ஓஸ்லோவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் நார்வேயில் படித்தபோது எனக்குத் தோழியானாள். டிசம்பரில் பிற்பகல் மூன்றரை மணிக்குள் இருட்டிவிடும் அந்த ஊரில், என் முதல் கம்பளிச் சட்டையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே அவள்தான். படிப்பை முடித்தவள், ஒரு முதுகுப்பையுடன் நான்கு மாதங்களாக வியட்னாம், கம்போடியா, தாய்லாந்து என்று சுற்றிக்கொண்டிருந்தாள். அடுத்தது இலங்கை. பேங்காக்கில் இருந்தபோது மலிவு விலையில் விமானச்சீட்டு கண்ணில் பட, இடையில் மூன்று இரவுகளைச் சிங்கப்பூருக்கு ஒதுக்கிவிட்டாள்.

திடீரென்று வரும் விருந்தாளிக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று அன்றிரவே தேடினேன். இந்தத் தகவல் உங்களுக்கும் உதவலாம். சிங்கப்பூருக்குள் நுழையும் வெளிநாட்டவர்கள், வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் ‘எஸ்ஜி வருகை அட்டை’யை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் ஏதாவது வந்தால் மூடிவிடுங்கள். வீவக வீட்டைச் சில இரவுகளுக்கு மட்டும் வாடகைக்கு விட அனுமதியில்லை, ஆனால் தோழியை இலவசமாகத் தங்கவைக்கத் தடையில்லை. பல்கலைக்கழக விடுதியில் தங்குவோர் மட்டும் இரவு விருந்தினர் பற்றிய விதிகளை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் வீட்டில் இருப்பதால் அம்மாவிடம் கேட்டேன். “மெத்தையை வரவேற்பறையில் போட்டால் போச்சு” என்றார்.

சனிக்கிழமை மாலை நல்ல மழை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இங்கு வெப்பநிலை சில நாள்களில் 22, 23 டிகிரி வரை இறங்கும். அதைத்தான் நாம் ‘சிங்கப்பூர்க் குளிர்காலம்’ என்கிறோம். அவள் எனக்குத் தேர்ந்தெடுத்த அதே கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சாங்கியில் நின்றேன். அரைக்கைச் சட்டையில் வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “சரியான வெக்கை” என்றாள்.

வழியில் கட்டுமானத் தளம் ஒன்றின் வேலியில் அவள் கண் நின்றது. நான்கு மொழி எச்சரிக்கைப் பலகை. எழுத்துக் கூட்டி வாசித்தாள்: “அ-பா-யம்.” வீட்டிலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியிலும் மட்டுமே தமிழைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, தெருவில், அரசாங்கத்தின் மொழிகளில் ஒன்றாக அது எழுதப்பட்டிருப்பது புதிது. பலகையைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினாள். இரவு, சில்லறையாகக் கிடைத்த ஒரு வெள்ளி நாணயத்தில் ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் இருப்பதைக் கண்டுபிடித்து அதை ஒரு தனிப் பைக்குள் போட்டுவைத்தாள். இத்தனை ஆண்டுகளில் நான் அந்த நாணயத்தை உற்றுப் பார்த்ததே இல்லை.

எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். “ஒண்டும் பாக்க வேண்டாம். நாலு மாசமா பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்” என்றாள். மூன்று நாளுக்கொரு படுக்கை, தினமும் புதிய முகங்கள், ஒவ்வொருவருக்கும் தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டிய கட்டாயம். படங்களில் அழகாகத் தெரியும் நீண்ட பயணத்தின் இந்தக் களைப்பை யாரும் பதிவேற்றுவதில்லை. அதனால் மரினா பே, செந்தோசா என்று நான் போட்டுவைத்த பட்டியலை அழித்தேன். வருத்தமில்லை, அவற்றுக்கு நுழைவுச்சீட்டு வாங்கவும் என்னிடம் பணமில்லை.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா சென்றோம். எங்கள் இருவரோடும் ஓஸ்லோவில் ஒரே விடுதியில் தங்கியிருந்த சீனத் தோழியும் வந்தாள். பொங்கலுக்கு முந்திய வாரம். கரும்புக் கட்டுகள், பொங்கல் பானைகள், மஞ்சள் கொத்துகள், விழாவுக்காகக் கொண்டுவரப்பட்ட மாடுகள். மாட்டைச் சுற்றிக் கைப்பேசியுடன் பெருங்கூட்டம். ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தில் மாடுகளைவிட மனிதர்கள்தான் அதிசயமாக இருந்திருப்பார்கள். பஃபலோ ரோடு, மலாயில் எருமை என்று பொருள்படும் கெர்பாவ் ரோடு ஆகிய பெயர்களே அதற்குச் சாட்சி. உங்களில் பலர் பிறந்த கேகே மருத்துவமனையின் ‘கேகே’யும் கண்டாங் கெர்பாவ்தான், அதாவது எருமைத் தொழுவம். சீனத் தோழிக்கு இது தெரியாது. பதிலுக்கு அவள் ஒன்று சொன்னாள்: நாம் நம்முடையது என்று நினைக்கும் ‘தேக்கா’ ஹொக்கியன் சொல்லாம், மூங்கிலடி என்று பொருளாம். செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் குழிகளும் இருந்ததால் அக்காலத் தமிழர்கள் இதைச் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்று அழைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்தான் ஏனோ நிலைக்கவில்லை.

டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசலின் வாயிலுக்கு மேலே உள்ள சூரிய வடிவத்தை அண்ணாந்து பார்த்தோம். அதன் 25 கதிர்களில் 25 நபிமார்களின் பெயர்கள் அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்தபோது மக்கள் தஞ்சம் புகுந்த வீரமாகாளியம்மன் கோயிலில் சற்று நேரம் உட்கார்ந்தோம்.

இவ்வளவு நேரமும் நாங்கள் மூவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டிருந்தோம். சீனத் தோழி உடனிருந்ததால் அது சரி. ஆனால் பூக்கடையிலும் நான் ஆங்கிலத்தில் விலை கேட்டேன். தேக்கா நிலையத்தில் தோசைக்கும் அப்படியே சொன்னேன். கடைக்காரரும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். அவள் என்னைத் தனியே இழுத்து, “ஏன் தமிழ்க் கடையிலையும் இங்கிலீசில கதைக்கிறாய்?” என்று கேட்டாள்.

பதில் சொல்லத் தெரியவில்லை. உயர்நிலைப் பள்ளியில் உயர்தமிழ் எடுத்தவள் நான். மேடையில் பேசச் சொன்னால் பேசுவேன். தோசை வாங்கும்போது மட்டும் ஏன் வாய் தானாக மாறிக்கொள்கிறது?

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் தனி மேசை கிடைப்பது அரிது. ஓய்வு நாளில் அங்கு கூடும் வெளிநாட்டு ஊழியர்களில் ஒருவர் நகர்ந்து எங்களுக்கு இடம் கொடுத்தார். கப்பல் பட்டறையில் வேலை செய்கிறாராம், அறந்தாங்கிப் பக்கமாம். இலங்கைத் தமிழ் காதில் விழுந்ததும் என் தோழியிடம், “எந்த ஊரு நீங்க?” என்று கேட்டார்.

“ஓஸ்லோ.”

“அதுக்கு முன்னாடி?”

“யாழ்ப்பாணம்” என்றாள். சற்றுப் பொறுத்து, “ஆனா நான் இன்னும் அங்க போனதில்லை” என்றாள்.

அவர் தலையசைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் தயாராகச் சொன்னேன்: “சிங்கப்பூர்.”

“அதுக்கு முன்னாடி?”

தோசை வாயிலேயே நின்றது. தாத்தாவின் அப்பா கப்பலில் வந்தார் என்பது தெரியும். எங்கிருந்து வந்தார் என்பதை நான் யாரிடமும் கேட்டதில்லை. “தமிழ்நாடு” என்றேன். அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, ஆனாலும் சுட்டது.

அன்றிரவு மெத்தையில் படுத்துக்கொண்டு அவள் உண்மையைச் சொன்னாள். இலங்கைப் பயணத்தை இரண்டு முறை தள்ளிப்போட்டிருக்கிறாள். போரின்போது பெற்றோர் விட்டு வந்த ஊர். யாழ்ப்பாணத்தில் பெரியம்மா காத்திருக்கிறார். “என்ர தமிழைக் கேட்டு அங்க சிரிப்பினமோ?” சிங்கப்பூருக்கு அவள் திடீரென்று வந்த காரணம் அப்போதுதான் புரிந்தது. மலிவுச் சீட்டு ஒரு சாக்கு. போய்ச் சேர்வதற்கு முன் நின்று மூச்சு வாங்க ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது.

திங்கட்கிழமை காலை எனக்கிருந்த ஒரே வகுப்பை முடித்துக்கொண்டு நகருக்குள் நடந்தோம். அன்று நாங்கள் இருவர் மட்டும், தமிழில் மட்டும் பேசுவது என்று ஒப்பந்தம். தோபி காட் நிலையத்தில் தொடங்கினோம். துணி வெளுத்த இந்தியர்களின் பெயரைத் தாங்கிய எம்ஆர்டி நிலையம் அது. அடுத்து செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். 1862ல் அர்ப்பணிக்கப்பட்ட அக்கட்டடத்தை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை ஆகியவற்றைத் தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்துச் சுவர்களுக்குப் பூசியிருக்கிறார்கள். ‘மெட்ராஸ் சுண்ணம்’ என்று அதற்குப் பெயர். இதைத் தமிழில் விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவளோ ‘மட்டை’ என்ற சொல்லில் நின்றுவிட்டாள், அவளுக்குத் தெரிந்தது கிரிக்கெட் மட்டை மட்டும்தான்.

பிறகு சைனாடவுன். சீனப் புத்தாண்டுச் சிவப்பு விளக்குகளுக்கு நடுவே, 1827ல் தொடங்கிய மாரியம்மன் கோயில். அங்கிருந்து தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நாகூர் தர்கா. முன்பு கடற்கரையாக இருந்த தெரு அது. கப்பலில் வந்து இறங்கியவர்கள் முதலில் நன்றி சொன்ன இடங்களில் ஒன்று. என் கொள்ளுத்தாத்தாவும் அந்தப் பக்கம் நடந்திருப்பாரோ என்று முதன்முறையாக யோசித்தேன். மழை பிடித்துக்கொள்ள, ஐந்தடிப் பாதையில் ஒதுங்கி நின்றபடி பாட்டியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“பாட்டி, நம்ம ஊர் எது?”

“இத்தனை நாள் கழிச்சு இப்பதான் கேக்கணும்னு தோணுச்சா? மன்னார்குடிக்குப் பக்கம்” என்றார். பிறகு இருபது நிமிடம் நிறுத்தவில்லை. ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் என் தோழியும் கேட்டாள். நடுவில் அவள் ஏதோ கேட்க, பாட்டி பதில் சொன்னார். அவள் தமிழை நினைத்துப் பாட்டி சிரிக்கவில்லை. “இந்தப் பிள்ளை நல்லாப் பேசுதே, உன்னைவிட” என்றார். அதில் சிரித்தது நாங்கள்தான்.

செவ்வாய்க்கிழமை அதிகாலை கொழும்பு விமானத்தில் ஏற்றிவிட்டேன். நான்கு நாள் கழித்து ஒரு படம் வந்தது: முற்றத்தில் கோலம், பொங்கல் பானை, பானைக்குப் பின்னால் யாரோ ஒருவரின் சேலை முந்தானை. கீழே ஒன்றும் எழுதவில்லை.

அவளுடைய தடித்த குளிர்ச் சட்டை என் அலமாரியில் கிடக்கிறது. இலங்கையில் தேவைப்படாது, ஓஸ்லோ திரும்பும் முன் வந்து எடுத்துக்கொள்வாளாம். எப்போது வருகிறாய் என்று கேட்டு எழுதினேன்.

“வரேக்க சொல்லுறன்” என்று பதில் வந்தது.