கூவாகம்: அரவானின் இரண்டு கதைகள்

வீடியோ கேமின் முதல் பாகத்தில் ஓரமாக வந்துபோன வீரன் இரண்டாம் பாகத்தில் நாயகனாகிவிடுவதுண்டு. மகாபாரதத்தில் அரவானுக்கு நேர்ந்தது அதுதான்.

வியாச பாரதத்தில் இவன் இராவான். அர்ச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன். எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கனோடு மோதுகிறான். துணைக்கு நாகங்கள் வருகின்றன. அரக்கன் கருடனாக உருமாறி அவற்றைத் தின்றுவிட்டு, திகைத்து நின்றவனின் தலையை வெட்டுகிறான். கதை அவனைத் தாண்டிப் போய்விடுகிறது.

தமிழ் அவனை விடவில்லை. 9-ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே களப்பலி வந்துவிட்டது: பாண்டவர் வெற்றிக்காகப் போருக்கு முன்பே தன்னைப் பலியாகத் தருகிறான். தெருக்கூத்தும் கோயில் மரபும் இன்னும் தொலைவு சென்றன. சாகுமுன் மணம் முடிக்க வேண்டும் என்கிறான், பெண் கொடுப்பாரில்லை, கண்ணனே மோகினியாகி மாலையிடுகிறான். மறுநாள் கணவனை இழந்து அழுவதும் அந்தக் கண்ணன்தான். மூலத்தில் இல்லாத இந்த அழுகையே இக்கதையின் உயிர்.

கூவாகம் கோயிலில் கூத்தாண்டவராக நீங்கள் காண்பது அரவானின் முறுக்கு மீசையுடன் கூடிய தலை. அது 18 நாள் போரையும் பார்த்தது என்பார்கள்.

இங்கே சித்திரைத் திருவிழாவில் திருநங்கையர், மோகினியைப் போல அரவானின் மணமகளாகி, பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். இரவெல்லாம் கும்மியும் பாட்டும். மறுநாள் தேரோட்டமும் களப்பலியும் முடிந்ததும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்துகிறார்கள். வேண்டுதல் உள்ள ஊர் ஆண்களும் தாலி கட்டிக்கொள்வது வழக்கம்.