தனியார் வீதியில் பேசும் உரிமை
இணையதளங்களும் தணிக்கையும் குறித்து ஓர் ஆய்வு

தமக்குச் சொந்தமான இணையதளத்திலிருந்து பிறர் எழுத்தை அதன் உரிமையாளர் நீக்கும்போது இரு குரல்கள் எழுகின்றன. 'இது தணிக்கை' என்பது ஒன்று. 'இது என் இல்லம். இங்கு யார் பேசலாம் என்பதை நானே முடிவு செய்வேன்' என்பது மற்றொன்று. இவ்வினா இணையத்தோடு பிறந்ததன்று. அதன் வேரை அறிய, அமெரிக்காவின் சிற்றூர் ஒன்றில் எழுந்த பழைய வழக்கிலிருந்து தொடங்குவது நலம்.

1. சிக்கசா வழக்கு

அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரையடுத்த சிக்கசா என்னும் ஊர், அந்நாளில் ஒரு கப்பல் கட்டும் நிறுவனத்தின் உடைமையாயிருந்தது. வீடுகள், வீதிகள், கடைத்தெரு யாவும் அந்நிறுவனத்தினுடையவை. யெகோவா சாட்சிகள் இயக்கத்தைச் சேர்ந்த பெண்மணி ஒருவர், அஞ்சலகத்திற்கருகே நடைபாதையில் நின்று சமயப் பிரசுரங்களை வழங்கினார். அனுமதியின்றி வழங்கலாகாது, அனுமதியும் தரப்படமாட்டாது என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் விலக மறுக்கவே, அத்துமீறல் குற்றம் சாட்டப்பெற்றுத் தண்டனை அடைந்தார்.

1946ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐவருக்கு மூவர் என்ற பெரும்பான்மையில், அத்தண்டனையை நீக்கியது. உரிமையாளர் தம் நலனுக்காகத் தம் உடைமையைப் பொதுமக்களுக்கு எந்த அளவு திறந்து விடுகிறாரோ, அந்த அளவு அவருடைய உரிமையும் அம்மக்களின் உரிமைகளால் வரையறை பெறும் என்பதே தீர்ப்பின் சாரம். அப்பெண்மணியின் போதனையை நம் சபைகள் ஏற்பதில்லை. ஆயினும் அவர் பெற்றுத் தந்த பாதுகாப்பு எல்லாருக்கும் உரியதாயிற்று.

2. உரிமையாளரின் வாதம்

அத்தீர்ப்பின் எல்லை பின்னர் விரியவில்லை. அங்காடி வளாகத்தில் போர் எதிர்ப்புத் துண்டறிக்கை வழங்குவதை அதன் உரிமையாளர் தடுக்கலாம் என்று அதே நீதிமன்றம் 1972இல் கூறிற்று. பிறர் பேச இடமளிப்பதனாலேயே ஒரு தனியார் நிறுவனம் அரசாகிவிடாது என்று 2019இல் தீர்ப்பளித்தது. பெருந்தளங்கள் பதிவுகளைத் தெரிந்தெடுத்துத் தொகுப்பதும் ஒருவகைப் பேச்சே என்னும் கருத்தை 2024இல் பெரும்பான்மை நீதிபதிகள் வெளியிட்டனர். அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசின் கையைக் கட்டுகிறதேயன்றித் தனியார் கையைக் கட்டுவதில்லை என்பதே இவற்றின் அடிப்படை.

இவ்வாதத்திற்கு நடைமுறை நியாயமும் உண்டு. 1995இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, பதிவுகளைக் கண்காணித்து நீக்கி வந்த ஒரு நிறுவனத்தை, அக்காரணத்தாலேயே, எஞ்சிய அவதூறுக்கும் பொறுப்பான வெளியீட்டாளராகக் கொண்டது. துப்புரவு செய்பவன் தண்டனைக்குள்ளாக, செய்யாதவன் தப்பும் நிலை உருவாயிற்று. இதனை மாற்றவே 1996இல் இயற்றப்பட்ட சட்டத்தின் 230ஆம் பிரிவு, பிறர் எழுத்துக்குத் தளத்தைப் பொறுப்பாக்காமலும், தகாதவற்றை நல்லெண்ணத்தோடு நீக்குவோரைக் காத்தும் நின்றது. மட்டுறுத்தல் அறவே இல்லாத தளத்தில் மோசடியும் வசையும் நிறைந்து, எளியோர் முதலில் வாயடைத்துப் போவர்.

3. இருவகைப் பிழைகள்

எனினும் உரிமை உண்டு என்பதால் அது நன்கு பயன்படுகிறது என்றாகாது. 1972இல் வியட்நாமில் நாபாம் குண்டினால் எரியுண்டு ஓடிவரும் சிறுமியின் புகைப்படத்தை, 2016இல் ஃபேஸ்புக் நிர்வாண விதியைக் காட்டி நீக்கியது. அதனை மீண்டும் வெளியிட்ட நார்வே பிரதமரின் பதிவும் நீக்கப்பட்டது. 'ஆஃப்டன்போஸ்டன்' நாளிதழின் ஆசிரியர் முதற்பக்கத்தில் பகிரங்கக் கடிதம் எழுதிய பின்னரே நிறுவனம் பணிந்தது.

அதே நிறுவனம் மியான்மாரில் எதிர்மாறான பிழை செய்தது. ரோஹிங்கியா மக்களுக்கு எதிரான வெறுப்புரைகள் நீக்கப்படாமல் பெருகின. பர்மிய மொழியறிந்த மட்டுறுத்துநர் மிகச் சிலரே இருந்தனர். 2017 ஆகஸ்டு முதல் ஏழு லட்சத்திற்கும் மேற்பட்டோர் வங்காளதேசத்திற்கு ஓடினர். வன்முறையைத் தூண்ட அத்தளம் பயன்படுவதைத் தடுக்கப் போதுமானவற்றைச் செய்யவில்லை என்று நிறுவனமே 2018இல் ஒப்புக்கொண்டது. நார்வேயில் வருந்தியவர்களுக்கு நாளிதழும் பிரதமரும் இருந்தனர். ரோஹிங்கியாக்களுக்கு எவரும் இலர். இரு பிழைகளின் விளைவிலும் உள்ள வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

4. கேட்கப்படும் உரிமை

ஆகவே 'நீக்கலாமா, கூடாதா' என்பதோடு வினா முடிவதில்லை. எவ்வாறு நீக்குவது என்பதும் அறத்தின்பாற்பட்டதே. எத்தனை பதிவுகள் நீக்கப்பட்டன என வெளியிடுதல், உரியவருக்குக் காரணம் அறிவித்தல், மேல்முறையீட்டுக்கு இடமளித்தல் ஆகிய மூன்றையும் 2018இல் வெளியான சாந்தா கிளாரா நெறிகள் வற்புறுத்தின. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் காரணம் கூறுதலைக் கடமையாக்கியது. இந்தியாவில் 2021ஆம் ஆண்டு விதிகள் குறைதீர் அலுவலரை நியமிக்கப் பணித்தன. 2023இல் மேல்முறையீட்டுக் குழுக்களும் அமைக்கப்பட்டன. ஆனால் இங்கு அரசே தளங்களுக்கு இடும் தடையாணைகளை 2009ஆம் ஆண்டு விதிகள் இரகசியமாக வைக்கின்றன. அவ்விடத்தில் தனியாரின் கதவுக்குப் பின் நிற்பது அரசே என்பதையும் நாம் உணர வேண்டும்.

இவ்வினா நமக்கு அயலானதன்று. சபையின் வாட்ஸ்அப் குழுவிற்கும் சபை இதழுக்கும் ஆயரே மட்டுறுத்துநராயிருக்கிறார். சபைக் கணக்கைக் குறித்துக் கேள்வி கேட்டவர் காரணம் கூறப்படாமல் குழுவிலிருந்து அகற்றப்படுவாரானால், சட்டம் நம்மைத் தொடாது. அது நம் இல்லமே. ஆயினும் ஒருவனைக் கேட்டறியுமுன் தீர்ப்பிடுதல் நியாயமோ என்று நிக்கொதேமு எழுப்பிய வினா (யோவான் 7:51) அங்கேயும் நம்மிடம் விடை கேட்கிறது.