காக்கப்படுவது கூடா, குரலா?

பிரிட்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டைப் 'பாரம்பரியச் சின்னம்' என்கிறார்கள். பாரம்பரியம் ஏதோ தானாக முளைத்து வந்தது போன்ற தொனி இதில் இருக்கிறது. அப்படியில்லை, அது கட்டமைக்கப்பட்ட ஒன்று.

1924இல் நடந்த போட்டியில் தேர்வானது கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்டின் 'கே2' வடிவம். அதன் குவிந்த கூரை, ஜான் சோன் என்ற கட்டிடக் கலைஞர் தன் குடும்பத்துக்காக எழுப்பிய கல்லறையை ஒத்தது. ஸ்காட் கேட்டது வெள்ளி நிறம். அஞ்சல் துறை பூசியதோ சிவப்பு. கிராமங்கள் வரை போனது, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவையொட்டி அவர் 1935இல் வடிவமைத்த சிறிய 'கே6'. சிவப்பு கண்ணை உறுத்துகிறது என்று எதிர்ப்புக் கிளம்பியதால் சில இடங்களில் சாம்பல் நிறம் அடிக்க வேண்டியதாயிற்று. அன்று உறுத்தல், இன்று அடையாளம்.

இந்த மாற்றம் எப்போது உறுதிப்பட்டது என்பதுதான் கவனிக்கத்தக்கது. 1984இல் பிரிட்டிஷ் டெலிகாம் தனியார்மயமானது. பழைய கூண்டுகளைக் கழற்றும் வேலை வேகம் பிடித்தது. பாதுகாப்பு இயக்கங்கள் குரல் எழுப்பின. 1986 தொடங்கி 2000க்கும் மேற்பட்ட கூண்டுகள் சட்டப்படி பாதுகாக்கப்படும் கட்டுமானங்களாயின. அதாவது, பொதுச்சேவை தனியாரிடம் போன கையோடு, அதன் ஓடு மட்டும் 'பொதுச்சொத்து' ஆக்கப்பட்டது. சட்டம் காப்பது வார்ப்பிரும்பை. உள்ளே இருக்கும் போனை அல்ல.

2008இல் வந்த தத்தெடுப்புத் திட்டம் இதை வெளிப்படையாக்கியது. ஒரு பவுண்டு கொடுத்தால் கூண்டு ஊருக்குச் சொந்தம். தொலைபேசி மட்டும் கழற்றப்பட்டுவிடும். பெட்டி இருக்கு, பேச வழியில்லை. பல கூண்டுகள் குட்டி நூலகங்களாயின. சிலவற்றில் நின்ற இதயத்தை இயக்கும் கருவி வைத்தார்கள். இவற்றைச் சும்மா ஏக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. உயிர் காக்கும் கருவியைக் கிண்டல் செய்ய நான் தயாரில்லை.

ஆனால் கேள்வி வேறு. 2022இல் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் வேறொரு அளவுகோலை வைத்தது. எல்லாக் கைபேசி நிறுவனங்களின் சிக்னலும் கிடைக்காத இடமா? விபத்தோ தற்கொலையோ அதிகம் நிகழும் இடமா? ஆண்டில் 52 அழைப்புகளாவது போயினவா? இப்படிப்பட்ட இடங்களில் தொலைபேசியை அகற்றக்கூடாது. சுமார் 5,000 தொலைபேசிகளைக் காப்பதே நோக்கம். வாரத்துக்கு ஒரே ஒரு அழைப்பு, அதுவும் கணக்கில் வருகிறது.

பாரம்பரியச் சட்டம் கேட்பது: 'எப்படி இருக்கு?' இந்த விதி கேட்பது: 'யாருக்கு வேணும்?' அழகற்ற கண்ணாடிக் கூண்டில் நின்று ஆம்புலன்சைக் கூப்பிடுபவருக்குச் சோனின் கல்லறை பற்றிக் கவலையில்லை. பாதுகாப்பு குறித்த விவாதம் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்கிறேன். இல்லையென்றால், ஒரு சேவையை அடக்கம் செய்துவிட்டு அதன் மேல் அழகான கல்லறை எழுப்பும் காரியமாகவே அது முடியும்.