2 கிராம், 100 மில்லி, 6 நிமிடம்: தேயிலையைச் சுவைத்து மதிப்பிடும் முறை

தேயிலையைச் சுவைத்து மதிப்பிடுவது என்பது, பல இலைகளை ஒரே நிலையில் வடித்து, அவற்றுக்குள் இருக்கும் வேறுபாட்டைக் கண்ணாலும் மூக்காலும் நாக்காலும் கண்டறிந்து எழுதி வைப்பது. கொல்கத்தாவில் 1861 முதலும், கொழும்பில் 1883 முதலும், குன்னூரில் 1963 முதலும் நடந்துவரும் தேயிலை ஏலங்களில் இந்தச் சோதனையை வைத்தே விலை பேசப்படுகிறது. ஆய்வுக்கூடக் கருவிகள் எத்தனையோ வந்துவிட்ட பிறகும், சரக்கின் சுவை தெரியாமல் அனுபவமுள்ள வியாபாரி ஏலம் கேட்பதில்லை. டீ டேஸ்டர் செய்யும் வேலையில் பெரும்பகுதியை வீட்டுச் சமையல் மேடையிலும் அலுவலக மேசையிலும் செய்துவிட முடியும். அதற்கு அபூர்வமான நாக்கு தேவையில்லை. இலையைத் தவிர வேறெதுவும் கோப்பைக்குக் கோப்பை மாறாமல் பார்த்துக்கொள்ளும் பொறுமை இருந்தால் போதும்.

வெள்ளை, பச்சை, ஊலாங், கறுப்பு என்று கடைகளில் பிரித்து விற்கப்படும் தேயிலை அனைத்தும் கமேலியா சைனென்சிஸ் என்ற ஒரே செடியின் கொழுந்து. சிறிய இலை கொண்ட சீன வகை, பெரிய இலை கொண்ட அசாம் வகை என அதில் இரண்டு முக்கியப் பிரிவுகள் உண்டு. மண்ணும் உயரமும் பருவமும் தத்தம் பங்கைச் செய்கின்றன என்றாலும், பெரிய வேறுபாடுகள் பிறப்பது தொழிற்சாலையில்தான். கிள்ளிய கொழுந்தை வாட்டி உருட்டும்போது இலையின் செல்கள் சிதைகின்றன. கேட்டசின் என்ற பொருள்கள் நொதியோடும் காற்றோடும் சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. அப்போது தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற இரு நிறமித் தொகுதிகள் உருவாகின்றன. முன்னது பொன்னிறப் பொலிவையும் வாயைச் சுறுசுறுப்பாக்கும் துவர்ப்பையும் தருகிறது. பின்னது செம்பழுப்பு நிறத்தையும் கனத்தையும் தருகிறது. பச்சைத் தேயிலைக்கு, கொழுந்தை ஆவியிலோ வாணலியிலோ சூடாக்கி நொதியை முதலிலேயே முடக்கிவிடுவதால் இந்த மாற்றம் நடப்பதில்லை. ஊலாங், பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவில் நிறுத்தப்படுவது.

உதிரித் தேயிலைப் பொட்டலத்தின் மேல் ஓ.பி., பி.ஓ.பி., டஸ்ட் என்று இருக்கும் எழுத்துகள் தரத்தைச் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அவை முதன்மையாகச் சல்லடையில் பிரித்த இலையின் அளவையும் வடிவையும் குறிப்பவை. நல்ல தோட்டத்து டஸ்ட், கவனமின்றிச் செய்த முழு இலையைவிட மேலாக இருப்பது சாதாரணம். 1930களில் அசாமில் உருவான சி.டி.சி. இயந்திரம் கொழுந்தை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குகிறது. அந்தக் குருணை நீரில் விரைவாக இறங்கும், பாலுக்கும் ஈடுகொடுக்கும். ஆர்த்தடாக்ஸ் முறையில் உருட்டிய இலை மெதுவாக இறங்கும். மணத்தில் அதற்கு நுட்பம் அதிகம். இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்து எது சிறந்தது என்று கேட்பதில் பயனில்லை. நீலகிரி ஆர்த்தடாக்ஸை மற்றொரு நீலகிரி ஆர்த்தடாக்ஸோடு, அல்லது அதே பருவத்து நுவரெலியாத் தேயிலையோடு வைத்துப் பார்த்தால்தான் நாக்குக்குப் பிடிமானம் கிடைக்கும்.

ஒப்பிடுவதற்கான வடிமுறைக்கு ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. 1980இல் வெளியாகி 2019இல் திருத்தப்பட்ட அந்த ஆவணத்தின் சாரம் எளிமையானது: 100 மி.லி. நீருக்கு 2 கிராம் இலை, அப்போதுதான் கொதித்த நீர், மூடி வைத்து 6 நிமிடம். விளிம்பில் பற்கள் வெட்டிய வெள்ளைப் பீங்கான் குவளையில் இலையை ஊறவைத்து, குவளையை மூடியோடு கிண்ணத்தின் மேல் சாய்த்து வடிப்பார்கள். பிறகு வெந்த இலையை மூடியின் மேல் கவிழ்த்துப் பரப்புவார்கள். இது ருசியான தேநீருக்கான செய்முறை அன்று. வீட்டில் குடிப்பதற்கு 6 நிமிடம் பலருக்கும் அதிகம். நீண்ட ஊறலில் இலையின் குறைகள் ஒளிய இடமின்றி வெளியே வந்துவிடும் என்பதே அதன் பயன். பச்சைத் தேயிலையைக் குடிப்பதற்கு 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் நீரும், ஊலாங்குக்கு 85 முதல் 95 டிகிரி வரையிலான நீரும் பரிந்துரைக்கப்படுவது வேறு நோக்கத்துக்கு. அந்த வெப்பத்தில் கசப்பும் துவர்ப்பும் அடங்கி இனிமை மேலே வரும். ஆகவே மதிப்பீட்டுக் குறிப்பில், தரநிலைப்படி வடித்ததா, குடிப்பதற்காக வடித்ததா என்பதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

வீட்டு மதிப்பீடுகள் தவறிப்போவது பெரும்பாலும் கரண்டியில்தான். ஒரு தேக்கரண்டி சி.டி.சி. குருணை 2 கிராமைத் தாண்டிவிடும். அதே கரண்டி நிறைய முறுக்கில்லாத வெள்ளைத் தேயிலையை எடுத்தால் 1 கிராம்கூட வராது. கரண்டிக் கணக்கில் வடித்துவிட்டு ஒன்றைத் திடமானது என்றும் மற்றதைச் சப்பையானது என்றும் தீர்ப்பளிப்பவர், அளந்தது இலையின் குணத்தையே அல்ல. 0.1 கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு ஒன்று இந்தக் குழப்பத்தை முழுவதும் நீக்கிவிடும். புதிதாகத் தொடங்குபவர் விலையுயர்ந்த தேயிலைக்கு முன் தராசை வாங்குவது நல்லது.

அடுத்தது நீர். கால்சியமும் பைகார்பனேட்டும் மிகுந்த போர்வெல் நீரில் வடித்த கறுப்புத் தேநீர் மங்கிய நிறத்தோடு, மேலே ஏடு படிந்து, மணம் குன்றி நிற்கும். அமிலத்தன்மை சற்றே மாறினாலும் தியாரூபிஜின்களின் நிறம் மாறும். எலுமிச்சைச் சாறு பட்டதும் தேநீர் வெளிறுவது அதனால்தான். எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் தாதுக்களைப் பெருமளவு நீக்கிய நீரும் தட்டையான சுவையையே தரும் என்று பலர் உணர்கிறார்கள். மிதமான கடினத்தன்மை கொண்ட ஒரே நீரை எல்லாக் கோப்பைகளுக்கும் பயன்படுத்துவதே வழி. உயரமும் கணக்கில் வரும். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலையில் மென்மையாகத் தெரிந்த இலை, சென்னையில் 100 டிகிரி நீரில் முரட்டுத்தனம் காட்டினால் குற்றம் கடைக்காரருடையதாக இருக்க வேண்டியதில்லை.

சுவைப்பதற்கு முன் பார்ப்பதும் முகர்வதும் உண்டு. காய்ந்த இலையில் அளவு ஒரே சீராக இருக்கிறதா, காம்பும் நாரும் கலந்திருக்கின்றனவா, மொட்டின் பொன்னிற நுனிகள் தெரிகின்றனவா என்று பார்ப்பார்கள். டேஸ்டர்கள் அதைவிட மதிப்பது வெந்த இலையை. கறுப்புத் தேயிலையில் அது புதுச் செம்பு நிறத்தில் பளிச்சென்று இருந்தால் ஆக்சிஜனேற்றம் சரியான நேரத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது. பச்சைத் திட்டுகள் இருந்தால் போதவில்லை. கருத்து மங்கியிருந்தால் அளவு மீறிவிட்டது. வெந்த இலையின் மணம் சூடாக இருக்கும்போது ஒன்றாகவும் ஆறியபின் வேறாகவும் இருக்கும் என்பதால் இரண்டு முறை முகர வேண்டும். டிகாஷனை வெள்ளைக் கிண்ணத்தில், முடிந்தால் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது அவசியம். நல்ல அசாம் டிகாஷன் ஆறியதும் கலங்கிப் பால் விட்டதுபோல் ஆகும். காஃபீனும் தியாஃபிளேவின் போன்ற பாலிஃபீனால்களும் இணைந்து வெளியே பிரிவதன் விளைவு இது. பழகாதவர் கெட்டுவிட்டதாகக் கருதும் இந்தக் கலங்கல், செறிவின் அடையாளம்.

டேஸ்டர் ஒரு கரண்டி டிகாஷனைச் சத்தத்தோடு விசையாக உறிஞ்சுவார். பார்க்க அநாகரிகமாகத் தோன்றும் இந்தச் செயலுக்குக் காரணம் உண்டு. திரவம் நுண்துளிகளாகச் சிதறி வாய் முழுதும் பரவுகிறது. மணமூட்டும் ஆவிகள் தொண்டையின் பின்வழியாக மூக்கை எட்டுகின்றன. நாக்கு அறிவது இனிப்பு, கசப்பு, புளிப்பு போன்ற சில சுவைகளையே. மல்லிகை, பழம், தேன், புகை என்று குறிப்பில் எழுதப்படுவதெல்லாம் மூக்கின் வேலை. சளி பிடித்த நாளில் செய்த மதிப்பீட்டுக்கு மதிப்பில்லை. நம் அறுசுவைக் கணக்கில் துவர்ப்புக்குத் தனி இடம் உண்டு. உடலியலாளர் பலர் அதைத் தொடு உணர்வாகக் கருதுகிறார்கள். தேயிலையின் பாலிஃபீனால்கள் உமிழ்நீரின் புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வாயின் வழவழப்புக் குறைந்து உலர்வு தோன்றுகிறது. இது கோப்பைக்குக் கோப்பை சேர்ந்துகொண்டே போகும்; ஐந்தாவது தேநீர் முதலாவதைவிடத் துவர்ப்பாகத் தெரிவதற்கு அதன் வரிசை எண்ணே காரணமாக இருக்கலாம். இடையிடையே வெந்நீர் குடித்துச் சற்றுப் பொறுப்பதும், ஒருமுறை முடித்தபின் தலைகீழ் வரிசையில் மறுமுறை சுவைப்பதும் இதைச் சரிசெய்யும். தொழில்முறையில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கோப்பைகளைப் பார்ப்பவர்கள் விழுங்காமல் துப்பிவிடுகிறார்கள். வீட்டில் நான்கைந்துக்கு மேல் போகாமலிருப்பது நல்லது.

பாலோடு குடிக்கப்போகும் தேயிலையைப் பாலோடும் சோதிக்க வேண்டும். பாலின் கேசீன் பாலிஃபீனால்களோடு இணைந்து துவர்ப்பைத் தணிக்கிறது. தியாஃபிளேவின் நிறைந்த டிகாஷன் பால் விட்டதும் பொன்னிறமாக எழும். மட்டமானது சாம்பல் பூசியதுபோல் மங்கும். எல்லாக் கோப்பைக்கும் ஒரே பால், ஒரே அளவு. சர்க்கரை சோதனைக்கு வேண்டாம்.

பெயர் தெரிந்து சுவைக்கும் நாக்கு விலைச்சீட்டையும் சேர்த்தே சுவைக்கிறது. எனவே கோப்பையின் அடியில் எண் ஒட்டி, வடித்தவர் வேறு, சுவைப்பவர் வேறு என்று பிரித்துக்கொள்வது அடிப்படை. மூன்று கோப்பையில் இரண்டில் ஒரே தேயிலை, ஒன்றில் வேறு என்று வைத்து, வேறானதை எடுக்கச் சொல்வது முக்கோணச் சோதனை. ஊகித்தே சரியாகச் சொல்ல மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. ஐந்து முறையும் ஊகத்தால் சரியாக வருவதற்கு 243இல் ஒன்றுதான். புள்ளியியலின் புகழ்பெற்ற ஒரு சோதனையும் தேநீரில் பிறந்ததே. 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில், பாசி ஆய்வாளர் மியூரியல் பிரிஸ்டல், கோப்பையில் முதலில் விட்டது பாலா தேநீரா என்பதைத் தன்னால் சொல்ல முடியும் என்றார். உடன் பணியாற்றிய ரொனால்டு ஃபிஷர் அதை ஆராய வழி வகுத்தார். எட்டுக் கோப்பைகள், நான்கு இப்படியும் நான்கு அப்படியும், வரிசை கலைத்து. எட்டையும் ஊகத்தில் சரியாகப் பிரிக்க 70இல் ஒரு வாய்ப்பே உண்டு. 1935இல் வெளியான தம் நூலில் அவர் இதை விளக்கியதிலிருந்து, சோதனை வடிவமைப்பைக் கற்பிக்கும் வகுப்புகளில் இந்த எட்டுக் கோப்பைகள் இடம்பெற்று வருகின்றன. ஒரு பெண் விஞ்ஞானியின் சுவை உணர்வைச் சந்தேகித்து ஒதுக்காமல் முறையாகச் சோதித்ததில்தான் இதன் அழகு இருக்கிறது.

மதிப்பெண் தருவதில் ஒரு பிரிவினை இன்றியமையாதது: இலை எப்படி இருக்கிறது என்பது ஒரு பத்தி, பிடித்ததா என்பது இன்னொரு பத்தி. முதல் பத்தியில் மணம், கனம், சுறுசுறுப்பு, துவர்ப்பு, பின்சுவை ஆகிய ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை போதும். 100க்கு 87 என்று எழுதும் துல்லியம் எந்த நாக்குக்கும் கிடையாது. அதே கோப்பையை மறுவாரம் மறைத்துக் கொடுத்தால் அந்த எண் திரும்பி வராது. இரண்டாம் பத்திக்கு, அமெரிக்க ராணுவ உணவு ஆய்வில் உருவாகி 1950களில் பரவிய 9 புள்ளி விருப்ப அளவுகோல் உதவும். மிகவும் பிடிக்கவில்லை என்பது 1, மிகவும் பிடித்தது என்பது 9. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் எதையும் சொல்லாத ஓர் எண்தான் மிஞ்சும். புகை மணமுள்ள சீனத்து லாப்சாங் சூச்சோங், செய்நேர்த்தியில் உயர்ந்தும் ஒருவருக்கு அறவே பிடிக்காமலும் இருக்கலாம். அதே புகை மணம் நீலகிரித் தேயிலையில் வந்தால் அது உலர்த்தும் அடுப்பின் கோளாறு.

அலுவலகத்தில் கூடுதல் தொல்லைகள் உண்டு. நீர் வழங்கியின் சூடான குழாயில் வருவது பெரும்பாலும் கொதிநீர் அன்று, கறுப்புத் தேயிலை அதில் அரைகுறையாகவே இறங்கும். சிறு மின்கெட்டில் வேண்டும். காகிதக் கோப்பையின் மணமும், முந்தைய காபியைச் சுமக்கும் ஃபிளாஸ்கின் மணமும் தேநீரில் ஏறும். பலர் சேர்ந்து சுவைக்கும்போது, எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. மூத்தவர் ஒருவர் பிரமாதம் என்று சொல்லிவிட்டால் மற்ற தாள்களிலும் அதுவே எழுதப்படும்.

குறிப்பேட்டில் தோட்டத்தின் பெயரோடு கொழுந்தெடுத்த பருவமும் இருக்க வேண்டும். இலங்கையின் ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் விளையும் தேயிலைக்கு மீதைல் சாலிசிலேட் மணம் கூடுகிறது, வலித் தைலங்களில் இருக்கும் அதே பொருள். டார்ஜிலிங்கில் மார்ச் மாத முதல் கொழுந்து மலர் மணம் கொண்டது. மே, ஜூன் மாதங்களின் இரண்டாம் கொழுந்தில் பழுத்த திராட்சையின் சாயல் வரும். நீலகிரியில் டிசம்பர், ஜனவரிப் பனிக்காலத்துத் தேயிலையே மணத்துக்குப் பேர்போனது. பருவம் எழுதாத குறிப்பை வைத்து அடுத்த ஆண்டு அதே பெயரில் வாங்கினால் வேறொரு தேயிலை கையில் வரும். வாங்கியதும் காற்றுப் புகாத, ஒளி ஊடுருவாத டப்பாவில், மசாலாப் பெட்டியிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். காய்ந்த இலை ஈரத்தையும் அயல் மணத்தையும் விரைந்து ஈர்த்துக்கொள்ளும். பச்சைத் தேயிலையின் புதுமை சில மாதங்களில் தணிந்துவிடுவதால், அதை வாங்கிய வாரத்திலேயே சுவைத்து, டப்பாவைத் திறந்த தேதியையும் குறித்துக்கொள்வது நல்லது.