விளையாட்டுத் தீர்ப்புகளும் தொழில்நுட்பமும்



"விளையாட்டில் நடுவர் தீர்ப்புகளைத் துல்லியமாக்குவதற்குத் தொழில்நுட்பம் எவ்வாறு உதவுகின்றது? ஆராய்க." இவ்வாறான வினாவைக் கண்டதும் "தொழில்நுட்பத்தால் பிழைகள் முற்றாக நீங்கிவிட்டன" என்று எழுதிவிடாதீர்கள். அது உண்மையன்று, ஆராய்வதும் ஆகாது. கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைப் பிரித்துக் காட்டுவதே சிறந்த விடை.

மைதானத்தில் வழங்கப்படும் தீர்ப்புகள் இரு வகைப்படும்.

(அ) நடந்தது பற்றிய தீர்ப்பு: பந்து கோட்டைத் தாண்டியதா? துடுப்பில் பட்டதா? இதற்கு ஆம் அல்லது இல்லை என்பதே விடை.

(ஆ) கருத்துச் சார்ந்த தீர்ப்பு: பந்து கையில் பட்டது குற்றமா? மோதல் முரட்டுத்தனமானதா? இங்கே விதியை அறிந்த ஒருவர் எண்ணிப் பார்த்தே முடிவு கூற வேண்டும்.

இவ்வேறுபாட்டை மனதில் இருத்திக்கொண்டு மேலே வாசியுங்கள்.

1. தேவை ஏற்பட்ட விதம்

2007 நவம்பரில் ஹோபார்ட்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட் போட்டியில் இலங்கைக்கு வெற்றி இலக்கு 507 ஓட்டங்கள். குமார் சங்கக்கார 192 ஓட்டங்களுடன் ஆடிக்கொண்டிருந்தபோது பிடி கொடுத்ததாக ஆட்டமிழப்பு வழங்கப்பட்டது. உண்மையில் பந்து அவரது தோளிலும் தலைக்கவசத்திலுமே பட்டிருந்தது. தொலைக்காட்சி பார்த்த அனைவருக்கும் அது தெரிந்தது. தீர்ப்பை மாற்ற மட்டும் வழியிருக்கவில்லை. இலங்கை 96 ஓட்டங்களால் தோற்றது.

உதைபந்தாட்டத்திலும் இதே நிலைதான். 2010 உலகக் கிண்ணத்தில் ஜேர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் பிராங்க் லம்பார்ட் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே விழுந்து வெளியே வந்தது. மத்தியஸ்தர் கோல் வழங்கவில்லை. அப்போது 2-1 என்றிருந்த ஆட்டத்தில் ஜேர்மனி 4-1 என வென்றது.

2. இலங்கையில் நடந்த முதற் பரீட்சார்த்தம்

வீரர்களே நடுவரின் தீர்ப்பை மீளாய்வு செய்யக் கோரும் முறை டெஸ்ட் கிரிக்கெட்டில் முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டது நமது நாட்டில்தான். 2008 ஜூலையில் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் இலங்கை, இந்திய அணிகளின் தொடர் ஆரம்பமானது. ஓர் இனிங்ஸில் தவறும் கோரிக்கைகள் மூன்று வரை ஓர் அணிக்கு அனுமதிக்கப்பட்டன. முத்தையா முரளிதரனின் பந்தில் இம்முறைப்படி முதலில் ஆட்டமிழந்தவர் வீரேந்தர் சேவாக்.

தொடர் முடிவில் இலங்கைக்கு 11 கோரிக்கைகள் வெற்றியளித்தன. இந்தியாவுக்கு ஒன்று மாத்திரமே. இரு அணிகளுக்கும் கருவி ஒன்றுதான். எப்போது கேட்பது என்று அறிந்திருந்ததில்தான் வித்தியாசம். 2009 நவம்பரில் சர்வதேச கிரிக்கெட் பேரவை இம்முறையை டெஸ்ட் போட்டிகளில் உத்தியோகபூர்வமாக அறிமுகப்படுத்தியது.

இன்று பல கமராக்கள் பந்தைத் தொடர்கின்றன. காலில் பட்ட பந்து தொடர்ந்து சென்றிருந்தால் விக்கெட்டில் பட்டிருக்குமா என்பதைக் கணினி கணிக்கின்றது. இது கணிப்பே, ஆகவே பந்து விக்கெட்டின் ஓரத்தை மட்டும் தொடும் எனக் காட்டினால் களநடுவர் முதலில் வழங்கிய தீர்ப்பே நிலைக்கும். தன் எல்லையைத் தானே ஒப்புக்கொள்ளும் விதி இது.

3. உதைபந்தாட்டத்தில்

கோல்கோட்டுத் தொழில்நுட்பம்: 2014 உலகக் கிண்ணத்தில் ஒரு கோல் கம்பத்திற்கு 7 வீதம் 14 கமராக்கள் பொருத்தப்பட்டன. பந்து முழுமையாகக் கோட்டைத் தாண்டினால் ஒரு செக்கனுக்குள் மத்தியஸ்தரின் கைக்கடிகாரத்திற்குச் செய்தி வரும்.

ஓப்சைட் கண்டறிதல்: 2022 கட்டார் உலகக் கிண்ணத்தில் 12 கமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளைச் செக்கனுக்கு 50 தடவை பதிவு செய்தன. பந்தினுள் இருந்த உணரி செக்கனுக்கு 500 தடவை தகவல் அனுப்பியது.

காணொளி உதவி மத்தியஸ்தர்: 2018 உலகக் கிண்ணத்தில் அறிமுகமானது. கோல், தண்ட உதை, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகிய நான்கு விடயங்களில் மாத்திரம் தலையிட அப்போது அனுமதிக்கப்பட்டது. அதே ஆண்டு பிரான்ஸ், குரோஷியா இறுதியாட்டத்தில் பந்து கையில் பட்டதைத் திரையில் பார்த்த மத்தியஸ்தர் பிரான்சுக்குத் தண்ட உதை வழங்கினார். பந்து கையில் பட்டதில் ஐயமில்லை. அது குற்றமா என்பதில்தான் இன்றும் வாதம் நிலவுகின்றது. முதல் இரண்டு கருவிகளும் (அ) வகைக்கு விடை தருபவை. மூன்றாவது (ஆ) வகையில் மனிதருக்கு உதவுவது மட்டுமே.

4. கருவி இருந்தும் பயன்படாத சந்தர்ப்பம்

நாவுலயிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே சென்றால் தம்புள்ளை. அங்குள்ள ரங்கிரி மைதானத்தில் 2024 பெப்ரவரி 21 அன்று நடந்த இருபது ஓவர் போட்டியில் ஆப்கானிஸ்தானை வெல்ல இலங்கைக்குக் கடைசி 3 பந்துகளில் 11 ஓட்டங்கள் தேவைப்பட்டன. கமிந்து மெண்டிஸுக்கு இடுப்புக்கு மேலாக வந்த பந்தை நடுவர் நோபோல் என அறிவிக்கவில்லை. இலங்கை 3 ஓட்டங்களால் தோற்றது. நடுவருடன் முரண்பட்ட அணித்தலைவர் வனிந்து ஹசரங்கவுக்கு இரு போட்டிகளில் விளையாடத் தடை விதிக்கப்பட்டது.

மைதானத்தில் கமராக்கள் இருந்தன. ஆனால் ஆட்டமிழப்பு நிகழாதபோது பந்தின் உயரத்தை மீளாய்வு செய்ய விதி இடமளிக்கவில்லை. இந்தியன் பிரீமியர் லீக்கில் 2023 முதல் அதற்கு இடமுண்டு. விதி எதைக் கேட்க அனுமதிக்கின்றதோ அதற்கே கருவி பதில் சொல்லும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

5. விடையில் இடம்பெற வேண்டியவை

நன்மைகள்: வெளிப்படையான பிழைகள் திருத்தப்படும், வீரரின் உழைப்பு வீணாகாது, நடுவர் மீதான சந்தேகம் குறையும்.

குறைபாடுகள்: ஆட்டம் தடைப்படும், செலவு அதிகம், கருத்துச் சார்ந்த தீர்ப்புகளில் வாதம் ஓயாது.

செலவு பற்றி எழுதும்போது உங்கள் பாடசாலை மைதானத்தையே உதாரணமாகக் காட்டலாம். அங்கே கமரா இல்லை. ஒரு விசிலும் ஒரு சோடிக் கண்களும்தான். அங்கும் ஆட்டம் நியாயமாக நடக்க வேண்டுமாயின், பந்து தன் துடுப்பில் பட்டதை அறிந்த வீரர் தானாகவே வெளியேற வேண்டும். தீர்ப்பு பாதகமானாலும் வீரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொள்ளாதிருக்க வேண்டும். எந்தக் கருவியும் ஈடுசெய்ய முடியாத பகுதி இதுவே.

பயிற்சி வினாக்கள்

1. தீர்ப்புகளின் இரு வகைகளையும் உதாரணத்துடன் விளக்குக.
2. 2008 கொழும்புப் பரீட்சார்த்தத்தின் முக்கியத்துவம் யாது?
3. "கருவி பார்க்கும், தீர்ப்பவர் மனிதர்." இக்கூற்றை உதைபந்தாட்டத்திலிருந்து ஒன்றும் கிரிக்கெட்டிலிருந்து ஒன்றுமாக இரு உதாரணங்கள் காட்டி ஆராய்க.