வரைபலகையிலிருந்து மேட்டுக்காணிக்கு

தமிழருக்கு எதிரான 1977 ஆகஸ்ட் கலவரம் ஓய்ந்த கையோடு மலைநாட்டிலிருந்து வவுனியாவில் வந்து இறங்கியவர்கள் பெரும்பாலும் உடுத்த துணியோடுதான் வந்தார்கள். தோட்டத்து லயம் எரிந்துபோனவர்கள், எரியுமுன் கிளம்பியவர்கள், 1970களின் தொடக்கத்தில் தோட்டங்களைப் பிடித்தாட்டிய பஞ்சத்தில் ஏற்கனவே ஒருமுறை அலைந்தவர்கள். பலருக்குக் குடியுரிமையே இல்லை. 1948இல் வந்த சட்டம் அதைப் பறித்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தது. பங்குபோடப்பட்டவர்களை ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. வன்னியில் காடு கிடக்கிறது, வெட்டினால் பிழைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அது போதுமாயிருந்தது.

அப்படி வந்தவர்களுக்கு இடம் பார்த்துக் கொடுக்க நின்றவர்களில் ஒருவர் கட்டடக் கலைஞர். பெயர் எஸ்.ஏ. டேவிட். ஊர்காவற்றுறைக்குப் பக்கத்திலுள்ள கரம்பனில் 1924இல் பிறந்தவர். அரசாங்கமே அவரை 1950களில் மெல்பேர்ன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிக் கட்டடக்கலை படிக்கவைத்தது. படிப்பு முடிந்து வந்தபோது நாடு தனிச் சிங்களச் சட்டத்தின் சூட்டில் இருந்தது. பிறகு லண்டன், அதன்பின் கென்யாவில் மொம்பாசா. நகரத்துக்குத் தெரு போடுவது, கட்டடத்துக்குப் படம் கீறுவது என்று வருடங்கள் போயின. யாழ்ப்பாணத்துக் கணக்கில் பார்த்தால் ஒரு குறையும் இல்லாத வாழ்க்கை. அடுத்தது கொழும்பில் ஒரு வீடு என்றுதான் சொந்தக்காரர் எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ ஐம்பதை நெருங்கும் வயதில் வவுனியாப் பக்கம் வந்து காணியில் இறங்கினார்.

இப்படிப்பட்டவர்களின் கதையை நாம் சொல்லும் விதம் ஒன்று உண்டு. ஒரு நாள் திடீரென்று உள்ளே ஏதோ விழித்துக்கொண்டது, பதவியை உதறினார், மக்களிடம் போனார் என்போம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. டேவிட் எதையும் உதறியதாகத் தெரியவில்லை. கற்ற தொழிலை வேறு ஆட்களுக்குச் செய்தார், அவ்வளவே. மாரியில் வெள்ளம் எந்தப் பக்கம் நிற்கும், எங்கே கிணறு வெட்டினால் கோடையிலும் ஊறும், குடிசைக்கும் குடிசைக்கும் எவ்வளவு இடைவெளி விடவேண்டும், பிள்ளைகள் நடந்துபோகும் தூரத்தில் பள்ளி வருமா? மொம்பாசாவில் ஒரு நகர அமைப்பாளன் கேட்கும் இந்தக் கேள்விகளே பற்றைக்காட்டிலும் எழும். அங்கே தப்பாகப் போனால் கோப்பில் ஒரு குறிப்பு விழும். இங்கே தப்பாகப் போனால் ஒரு குடும்பம் அடுத்த மாரிக்கு எழும்பிப் போய்விடும்.

அவருக்குத் துணையாக நின்றவர் வவுனியாவில் வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் சோ. ராஜசுந்தரம். இருவரும் 1970களின் நடுவில் தொடங்கிய காந்தியம் அமைப்பு வவுனியா, முல்லைத்தீவு பக்கங்களிலும் கிழக்கிலும் மலையகக் குடும்பங்களைக் குடியேற்றியது. பாலர் பாடசாலை நடத்தியது. நடமாடும் மருத்துவம், பிள்ளைகளுக்குச் சத்துணவு, பயிர்ச்செய்கைக்கு உதவி என்று வேலை விரிந்தது. லயத்துக் காம்பராவில் பிறந்தவனுக்குத் தன் வேலிக்குள் ஒரு முருங்கைத் தடியை ஊன்றுவது என்ன என்பது, தலைமுறை தலைமுறையாக வளவோடு வாழ்ந்தவர்களுக்கு எளிதில் பிடிபடாது. தோட்டத்தில் அவன் நட்ட மரம் எதுவும் அவனுடையதல்ல.

இதைப் புனிதக் கதையாக்கவும் முடியாது. காந்தியின் பெயரில் இயங்கிய அமைப்பில் வேலை செய்த இளைஞர்கள் சிலர் பின்னாளில் ஆயுதத்தைத் தெரிந்தெடுத்தார்கள். அரசாங்கத்துக்கு அந்தக் குடியேற்றங்களே சந்தேகமாயிருந்தன. 1983 ஏப்ரலில் டேவிட்டும் ராஜசுந்தரமும் கைதானார்கள். ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். 27ஆம் திகதி நடந்த இரண்டாவது தாக்குதலில், வந்தவர்களோடு பேசிப் பார்க்கலாம் என்று கதவடிக்குப் போன ராஜசுந்தரம் திரும்பவில்லை. அதே மண்டபத்தில் இருந்த டேவிட் உயிர் தப்பி, மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டார். செப்டம்பரில் அந்தச் சிறை உடைந்தபோது வெளியேறியவர்களில் அவரும் ஒருவர். வயது 59. பிறகு முப்பது வருடத்துக்கு மேல் தமிழ்நாட்டில் அகதி வாழ்க்கை. அகதிகளுக்கு இடம் தேடிக்கொடுத்தவருக்கு வந்த நிலை அது. 2015இல் வன்னிக்குத் திரும்பி, சில மாதங்களில், அக்டோபரில் கிளிநொச்சியில் காலமானார். 91 வயது.

அவர்கள் காலத்துக் குடியேற்றங்கள் எல்லாம் தங்கவில்லை. கென்ட், டொலர் பண்ணைகளில் இருந்த மலையகக் குடும்பங்கள் 1984இல் விரட்டப்பட்டன. அந்த இடத்தில் சிங்களக் கைதிகளும் குடும்பங்களும் இருத்தப்பட்டார்கள். அதே வருடம் நவம்பர் 30ஆம் திகதி புலிகள் அவர்களில் பலரைக் கொன்றார்கள். இன்று அந்தப் பிரதேசம் வெலிஓயா.

தங்கிய ஊர்களைப் பார்க்க வேண்டுமானால் கிளிநொச்சியில் கண்டி வீதியை விட்டு உள்ளே இறங்கவேண்டும். பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம், தொண்டமான்நகர். எல்லாமே காந்தியத்தின் ஊர்கள் அல்ல. வெவ்வேறு வருடங்களில், வெவ்வேறு வழிகளில் உருவானவை. ஆனால் வந்த சனத்தின் கதை ஒன்றுதான். அன்று கிடுகும் மண்சுவரும். இன்று வீட்டுத்திட்டத்தில் கட்டிய கல்வீடு, பாதி வீட்டுக்குப் பூச்சு முடிந்திருக்கும், மீதி கடனுக்குக் காத்திருக்கும். அன்று லாம்பு, இன்று மின்சாரமும் கைத்தொலைபேசியும். காலையில் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கும் பெண்பிள்ளைகளின் பாட்டிமார் கொழுந்துக் கூடையோடு மலை ஏறியவர்கள். 2009இல் முடிந்த போரில் இந்த ஊர்கள் முழுவதும் எழும்பி, முள்ளிவாய்க்கால் வரை போய், செட்டிகுளம் மெனிக் பாமில் முட்கம்பிக்குள் இருந்து, திரும்பி வந்தன. அந்த ஓட்டத்தில் சட்டிபானையை விட்டவர்களும் பொலித்தீன் பையில் சுற்றிய காணிப் பெர்மிட்டை விடவில்லை. பெர்மிட் என்று ஒன்று கிடைத்தவர்களைச் சொல்கிறேன். கிடைக்காதவர்கள் இன்னும் பிரதேச செயலகத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள்.

மாறாததும் உண்டு. இந்த ஊர்களில் பல, இரணைமடுக் குளத்து வாய்க்கால் எட்டாத மேட்டுக்காணியில் இருக்கின்றன. வயல் பழைய குடியேற்றக்காரருக்கு. வயலில் கூலிவேலை இவர்களுக்கு. குளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு கோடையில் கிணற்றடியில் வாளியைப் போட்டுச் சேற்றை அள்ளும் வீடுகள் உண்டு. குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒருவழியாகத் தீர்ந்தது. வாக்கும் உண்டு, அடையாள அட்டையும் உண்டு. ஆனாலும் கலியாணப் பேச்சில் "ஆக்கள் எந்தப் பக்கம்?" என்று மெல்ல விசாரிக்கும் வாய் வன்னியில் ஓயவில்லை. டேவிட் வரைந்த எந்தப் படத்துக்குள்ளும் இதற்கு விடை இருந்திருக்காது.

இவற்றின் நடுவே இன்னொரு மாற்றம். அன்று வன்னியில் படித்த ஒருவர் வந்து நின்றால் அது செய்தி. இன்று அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் நிற்கின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. பட்டம் முடித்த பிள்ளையிடம் ஊரார் கேட்பது, "எங்க வேலை?" என்பதல்ல, "எப்ப வெளிக்கிடுறீர்?" என்பது. கேட்பவரைக் குறைசொல்ல மாட்டேன். 2022இல் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நாட்டில், போகிற பிள்ளையை மறிக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? போகட்டும். மெல்பேர்னுக்கும் லண்டனுக்கும் போனவர்தான் டேவிட்டும். அவர் போகாமலே இருந்திருந்தால் வவுனியாவுக்கு இன்னொரு படம் கீறுபவர் கிடைத்திருப்பார். நகரம் எப்படி உருவாகிறது என்று நாலு நாட்டில் பார்த்த ஆள் கிடைத்திருக்கமாட்டார்.

அறிவியல்நகரிலிருந்து மலையாளபுரம் தொலைவில்லை, சைக்கிளில் போய்வரலாம். பீடத்தில் குடிசார் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் நிலமட்டம் அளக்கப் பழகுகிறார்கள். மேட்டுக்காணிக்கு வாய்க்கால் தண்ணீரை ஏற்ற எத்தனை அடி உயர்த்தவேண்டும், பம்புக்கு என்ன செலவு, கோடையில் யாருடைய பங்கில் கைவைக்கவேண்டிவரும் என்பதெல்லாம் இறுதியாண்டு ஆய்வுக்கு ஏற்ற கணக்குகள். கடைசிக் கேள்விக்கு மட்டும் அளவுகருவி உதவாது. அதற்கு வயல்காரரோடும் மேட்டுக்காணிக்காரரோடும் ஒரே பாயில் உட்கார்ந்து, கமக்கார அமைப்புக் கூட்டத்தில் நாலு ஏச்சும் வாங்கவேண்டியிருக்கும்.